அவர்கள் பெயரை நாம் கேட்கவே இல்லை

பெயர் விஷயத்தில் நமக்கு ரோஷம் அதிகம். கனிமொழியின் பெயரை வடநாட்டுத் தொலைக்காட்சி 'கனிமோசி' என்று வாசித்தால் சுருக்கென்கிறது. தமிழரையும் தெலுங்கரையும் மலையாளியையும் கன்னடரையும் ஒன்றாகக் கட்டி 'மதராஸி' என்று கூப்பிட்ட காலத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. புதிய எழுத்துக்கூட்டலிலும் குறைகள் இருந்தன. எழுந்த கண்டனத்தில் அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பொறுக்கமாட்டோம் என்ற அந்தக் கோபம் நியாயமானது.

அந்தக் கோபத்துக்கு உரிமை கொண்டாடும் நாம், நம் ஊருக்குப் பிழைக்க வந்தவர்களின் பெயரை எப்படி நடத்தியிருக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

சென்னையில் மெட்ரோ சுரங்கம் தோண்டியவர்கள், திருப்பூரில் பனியன் தைப்பவர்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகளில் முட்டை பொறுக்குபவர்கள், காவிரிப் படுகையில் நடவு நடுபவர்கள், திருவள்ளூர் செங்கல் சூளைகளில் குடும்பத்தோடு கல் அறுப்பவர்கள். நம் வீட்டுக்கு டைல்ஸ் பதித்தவரும், நேற்றிரவு நாம் சாப்பிட்ட மேசையைத் துடைத்தவரும் இவர்களில் ஒருவர்தான். ஒடிசா, மேற்கு வங்கம், பீகார், ஜார்க்கண்ட், அசாம், உத்தரப் பிரதேசம் என்று வெவ்வேறு மண்ணிலிருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் 'பையா'. சில இடங்களில் 'பாய்'. அவர்கள் காதுக்கு எட்டாத இடத்தில் 'வடக்கன்', 'இந்திக்காரன்'.

நம் கைபேசிகளைத் திறந்தாலே இது தெரிந்துவிடும். 'பெயிண்டர் பையா', 'ஏசி பையா', 'டைல்ஸ் இந்தி' என்று சேமித்து வைத்திருக்கிறோம். அதே பட்டியலில் நம் ஊர் எலக்ட்ரீஷியன் முருகனாகவும் பிளம்பர் செல்வமாகவும் இருக்கிறார்கள். கட்டுமான இடத்தில் மேஸ்திரி வைத்திருக்கும் ஆள் கணக்கு நோட்டும் இப்படித்தான். கொத்தனார், சித்தாள் பெயர்கள் வரிசையாக இருக்கும். எதிரே தேதிக்குத் தேதி அரை நாள், முழு நாள் என்று குறித்திருக்கும். பக்கத்தின் அடியில் ஒரு கோடு கிழித்து, 'ஒடிசா 6 ஆள்' என்று ஒரே வரி. அந்த ஆறு பேரில் ஒருவர் செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் படுத்திருந்தால், அந்த வரியில் 6 என்பது 5 ஆகும். படுத்தவர் யார் என்று அந்த நோட்டுக்குத் தெரியாது. சனிக்கிழமை சம்பளம் மொத்தமாக அவர்களை அழைத்து வந்த சர்தார் கைக்குப் போகிறது. பிரித்துக் கொடுப்பது அவர் பாடு என்று நாம் கையைக் கழுவிக்கொள்கிறோம்.

பெயர் எழுதியே தீர வேண்டிய இடங்களில் இன்னொரு வகையாகத் தவறினோம். வங்காளத்திலிருந்து வந்தவர் தன் பெயரை 'பிஷ்ஷஜித்' என்று சொல்கிறார். நாம் 'விஸ்வஜித்' என்று எழுதிக்கொள்கிறோம். ஒடிசாக்காரர் 'தேபேந்திர' என்கிறார். பகரத்தை வகரமாக்கி, கடைசியில் ஒரு 'ன்'னும் போட்டுத் தேவேந்திரன் ஆக்கிவிடுகிறோம். நாம் வகரம் எதிர்பார்க்கும் பல இடங்களில் வங்காளிகளும் ஒடியர்களும் பகரம்தான் ஒலிப்பார்கள். அவர்கள் ஆதார் அட்டையிலும் ஆங்கில 'பி'தான் இருக்கும். தன் பெயரை அவரே தப்பாகச் சொல்கிறார் என்று முடிவுகட்டி நாம் திருத்துகிறோம். அவர் எதிரில் நிற்கிறார். அட்டை அவர் கையில் இருக்கிறது. வாங்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது தலைப்பெழுத்து. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். அதனால் மாஜி, பெஹரா, சாஹு, மண்டல் என்று பின்னால் வருவதைத் தகப்பனார் பெயர் என்று எண்ணிச் சுருக்கி முன்னால் வைத்துவிடுகிறோம். சம்பளப் பட்டியலில் ஒரு பெயர், ஈ.எஸ்.ஐ. அட்டையில் வேறொன்று, ஆதாரில் மூன்றாவது என்று ஒரே மனிதர் மூன்று பேராகிவிடுகிறார்.

இதன் விலையை நாம் கொடுப்பதில்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் கேஒய்சி ஏறாது. பணம் கேட்டுப் போடும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். திருத்தத் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து 'ஜாயின்ட் டிக்ளரேஷன்' கொடுக்க வேண்டும். அதற்குள் அவர் காளாஹாண்டியிலோ முர்ஷிதாபாத்திலோ இருப்பார். இங்கே போனை எடுப்பவருக்கு அவர் யார் என்றே தெரியாது, ஏனென்றால் இங்கே அவர் பையாவாகத்தான் இருந்தார். மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடித்த பணம், நாம் மாற்றி எழுதிய ஓர் எழுத்துக்குப் பின்னால் சிக்கிக் கிடக்கும்.

மருத்துவமனையில் நடப்பதையும் பார்த்திருக்கிறோம். இரும்புத் தகடு கிழித்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு புறநோயாளிப் பிரிவின் பெஞ்சில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார். ஓ.பி. சீட்டில் எழுதிய பெயரை உள்ளேயிருந்து உரக்கக் கூப்பிடுகிறார்கள். அவர் காதில் விழுகிறது. தன் பெயர்தான் என்று தெரியவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு எழுந்துபோய்ச் சீட்டை நீட்டுகிறார். 'அப்பவே கூப்பிட்டோமே, எங்கடா போயிருந்த?' என்று கேள்வி வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாமாவது அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்து, 'தம்பி, உங்களைத்தான் கூப்பிடுறாங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த 'டா'வும் நமக்கு உறுத்தவில்லை.

சாவிலும் இதுதான் கதை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். இடிபாட்டுக்குள் எத்தனை பேர் என்பதே முதல் நாட்களில் திட்டமாகத் தெரியவில்லை. அன்று நாம் கட்டிடத்தின் தரத்தைப் பற்றிப் பேசினோம். அனுமதி கொடுத்தவர்களைப் பற்றிப் பேசினோம். உள்ளே இருந்தவர் யார் என்று உடனே சொல்லக்கூடிய பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு கட்டுமான வாசலிலும் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை அதே வேகத்தோடு எழுப்பினோமா?

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் விபத்துக்குள்ளான கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சென்னையை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. அந்த விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் வருபவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. உரிமை கோர ஆளில்லாமல் புவனேஸ்வரத்தில் நான்கு மாதம் வைக்கப்பட்டிருந்த 28 உடல்களை, அக்டோபரில் மாநகராட்சி எரியூட்டியது. கிழக்கு மாநிலங்களிலிருந்து தொழிலாளர்களை ஏற்றி வரும் ரயில் அது. 'ஊருக்குப் போன நம்ம ஆள் திரும்பலையே' என்று நம்மில் எத்தனை பேர் அந்த வாரம் விசாரித்தோம்? விசாரிக்க ஒரு பெயரும் ஓர் ஊரும் தெரிந்திருக்க வேண்டும். 'டைல்ஸ் பையா'வை எந்த உதவி எண்ணில் தேடுவது?

எழுதுகிறவர்களாகிய நாமும் இதிலிருந்து தப்ப முடியாது. 'வடமாநில வாலிபர் பலி', 'சாரம் சரிந்து வடமாநிலத் தொழிலாளர்கள் இருவர் காயம்' என்று தலைப்புப் போடுகிறோம். பல செய்திகள் பெயரே இல்லாமல் முடிந்துபோகின்றன. பெயர் வந்தாலும் ஒரு நாளிதழில் ஒரு விதம், இன்னொன்றில் வேறு விதம். நம் ஊர்க்காரர் இறந்தால் தகப்பனார் பெயர், வயது, தெரு, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு எழுதத் தெரிந்த நமக்கு, அங்கே நின்றுகொண்டிருந்த கூட்டாளியிடம் ஒரு பெயரைக் கேட்டு எழுதத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

இந்தத் தவறைச் செய்ய நம்மைவிட உரிமை குறைந்தவர்கள் இருக்க முடியாது. சென்னையிலிருந்து கூலித் தொழிலாளர்களை ஏற்றிப் புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன இந்தியர்கள் ஏறத்தாழ 1.52 லட்சம் பேர். அவர்களில் பெரும் பகுதியினர் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் என்று பேரேட்டில் ஏற்றினார்கள். எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும், முதலியார் 'மூட்லி' ஆனதும் அந்த நாட்டு ஆவணங்களில்தான். இன்று கொள்ளுப்பேரர்கள் அந்தப் பேரேட்டின் நகலை எடுத்துக்கொண்டு பூர்விக ஊரைத் தேடி இங்கே வருகிறார்கள். ஆங்கிலத்தில் சிதைந்துபோன ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு எந்தத் தாலுகாவில் தேடுவது என்று தெரியாமல் திரும்புகிறவர்களும் உண்டு.

பேரேட்டுக்கு வெளியேயும் பெயர் இல்லை. தமிழர் பலரின் பெயர் 'சாமி' என்று முடிவதைக் கேட்ட வெள்ளையர், எதிர்ப்பட்ட இந்தியத் தொழிலாளர் எல்லோரையும் 'சாமி' என்றே கூப்பிட்டார்கள். காந்தி தம் சுயசரிதையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்த நிலையில், தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் வந்து நின்றவர் ஒரு தமிழர். பாலசுந்தரம் என்ற அந்தப் பெயரைக் காந்தி எழுதி வைத்ததால்தான் இன்றும் நமக்கு அவரைத் தெரிகிறது. நேட்டாலின் வெள்ளையர் எல்லோரையும் 'சாமி' ஆக்கினார்கள். நாம் எல்லோரையும் 'பையா' ஆக்கினோம். அவர்கள் செய்ததை அவமதிப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், நாம் செய்வதற்கு வேறு பெயர் தேட முடியாது.

நாம் சொல்லிவந்த சமாதானங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'வாயில் நுழையவில்லை' என்றோம். சுபாஷ் சந்திர போஸின் பெயர் நம் வாயில் நுழைந்தது. தென் மாவட்டங்களில் ஊருக்கு ஒரு போஸ் உண்டு. லெனினும் ஸ்டாலினும் நம் பிள்ளைகளின் பெயரானார்கள். ராஞ்சியிலிருந்து வந்த மகேந்திர சிங் தோனியின் முழுப்பெயரைச் சேப்பாக்கம் மைதானமே ஒரே குரலில் சொல்கிறது. அதே ஜார்க்கண்டிலிருந்து வந்து நம் வீட்டுக்குக் கம்பி கட்டும் ஹேம்ப்ரமின் பெயர் மட்டும் ஏன் நுழையவில்லை? மதிப்பவர் பெயரை நாக்கு பழகிக்கொள்ளும் என்பது நமக்கு நன்றாகவே தெரியும்.

'நமக்கு இந்தி தெரியாது' என்றோம். இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் உரிமை; அதில் நாம் பின்வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் பெயரைக் கேட்க இந்தி எதற்கு? வந்தவர்களில் பலருக்கு இந்தி தாய்மொழியே இல்லை. ஒடியா பேசுபவர்கள் மொழிக்காகப் போராடி 1936-இல் தனி மாகாணம் பெற்றவர்கள். அசாமின் சில்சாரில் 1961 மே 19 அன்று வங்க மொழிக்காகத் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் உயிர்விட்டார்கள். சந்தாலி மொழிக்கு ரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல் சிக்கி என்ற தனி எழுத்தே இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே அம்மொழி அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் ஏறியது. மொழிக்காக உயிர் கொடுத்த வரலாறு உள்ள நாம், மொழிக்காகவே உயிர் கொடுத்த இன்னொரு மக்களை 'இந்திக்காரன்' என்று கூப்பிட்டோம். நம் வரலாற்றுக்கே நாம் செய்த துரோகம் இது.

'அவர்களே கண்டுகொள்வதில்லையே' என்றோம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். பெயர் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள நம் குடியரசுத் தலைவர் சொன்னதைக் கேட்டால் போதும். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் சந்தால் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் புத்தி. வேறு மாவட்டத்திலிருந்து வந்த பள்ளி ஆசிரியர் அந்தப் பெயர் பிடிக்காமல் 'திரௌபதி' என்று மாற்றினார். பேட்டி ஒன்றில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். சந்தால் மக்களிடம் பாட்டியின் பெயர் பேத்திக்கு வரும், தாத்தாவின் பெயர் பேரனுக்கு வரும். அந்தப் பெயர்கள் சாவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. நம் வீடுகளிலும் அதே வழக்கம் உண்டு. அந்தக் குழந்தையின் பெயரை மாற்றியவர் ஒரு பெயரை மட்டும் மாற்றவில்லை, பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் இருந்த தொடர்ச்சியில் கை வைத்துவிட்டார்.

இன்று நம் அரசுப் பள்ளிகளில் சூளைத் தொழிலாளிகளின், ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் படிக்கிறார்கள். தமிழை நம் பிள்ளைகளைப் போலவே பேசுகிறார்கள். அவர்களைத் தேடிப்போய்ப் பள்ளியில் சேர்த்த நல்லாசிரியர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் சேர்க்கையின்போது பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' மாணவர் பதிவில் ஏறும் பெயர்தான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை போகும். அதைத் தாயிடமோ தகப்பனிடமோ படித்துக்காட்டாமல், நமக்கு வசதியான உருவத்தில் ஏற்றினால், அந்த மயூர்பஞ்ச் வகுப்பறையில் நடந்ததையே நாமும் செய்கிறோம்.

சட்டமே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்காக 1979-இல் வந்த சட்டம், ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும் என்றது. அதில் உள்ள விவரங்கள் இந்தி, ஆங்கிலத்தோடு அந்தத் தொழிலாளியின் தாய்மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. அப்படி ஒரு பாஸ்புக்கை நம் கண்ணால் பார்த்திருக்கிறோமா? கான்ட்ராக்டரிடம் ஒரு முறையாவது கேட்டிருக்கிறோமா? வீடு கட்டும்போது மணல் ஆற்று மணலா எம்-சாண்டா என்று நூறு கேள்வி கேட்ட நாம், கட்டுகிறவர் யார் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

இனி என்ன செய்யலாம் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பெயரைக் கேட்க வேண்டும். ஆதாரை வாங்கிப் பார்த்து, அதில் உள்ள எழுத்துக்கூட்டலை ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அவர் சொல்லும் ஒலியைத் தமிழில் பக்கத்தில் எழுத வேண்டும். ஒலிக்குத் தேவைப்பட்டால் ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளைத் தயங்காமல் பயன்படுத்தலாம். வேறொருவர் பெயரில் நம் தனித்தமிழ் நோன்பைக் காட்ட வேண்டாம். எழுதியதை அவருக்குப் படித்துக்காட்டி, சரிதானா என்று கேட்க வேண்டும். தமிழ் எழுத்தில் சில ஒலிகள் வராது; நம் உச்சரிப்பிலும் கொஞ்சம் தமிழ் வாசனை அடிக்கத்தான் செய்யும். அதை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். முயன்று பிசகுவதற்கும் கேட்காமலே விடுவதற்கும் உள்ள வித்தியாசம் கூப்பிடப்படுகிறவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

கட்டுமான நிறுவனங்களும் ஆலைகளும் ஓட்டல் முதலாளிகளும் பழைய பட்டியல்களை எடுத்து ஆதாரோடு ஒப்பிட்டு, பிழைகளைத் தொழிலாளி இங்கே இருக்கும்போதே திருத்திக் கொடுக்கட்டும். வேலையை விட்டுப் போனவர்களின் திருத்த விண்ணப்பங்கள் மேசையில் கிடந்தால் இந்த வாரமே கையெழுத்திட்டு அனுப்பட்டும். செய்தி எழுதுகிறவர்கள் பெயரில்லாத சாவுச் செய்தியை அச்சுக்கு விடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்வோம். தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக் கோரிக்கைகளோடு வாசலில் பெயர்ப் பட்டியல் என்ற கோரிக்கையையும் சேர்க்கட்டும்.

முதலாளியும் இல்லை, பத்திரிகையாளரும் இல்லை என்று ஒதுங்க நம்மில் யாருக்கும் இடமில்லை. ஒரு கைபேசி வைத்திருந்தால் போதும். அதில் 'பையா' என்று சேமித்திருக்கும் ஒவ்வொரு எண்ணையும் வருகிற சம்பளச் சனிக்கிழமைக்குள் அழைத்து, 'உங்கள் முழுப்பெயர் என்ன, எந்த ஊர்?' என்று கேட்டு, மரியாதையோடு திருத்தி எழுதுவோம். இத்தனை ஆண்டுகளாகக் கேட்காமல் இருந்ததற்கு மன்னிப்பும் அந்த அழைப்பிலேயே கேட்போம். கடன்பட்டவர்கள் நாம், முதலில் பேச வேண்டியவர்களும் நாம்தான்.